ஆடுகளத்தின் ஆசான் ரகீம்

கோல் போட்டவனை உலகம் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறது. அந்தக் கோலுக்கு வழி வகுத்துக் கொடுத்தவரோ, ஆட்டம் முடிந்ததும் கோட்டுக்கு வெளியே இருந்த நாற்காலியிலிருந்து எழுந்து பேசாமல் போய்விடுகிறார். பதக்க மேடையில் அவருக்கு இடமில்லை. ஆசிரியத் தொழிலின் இயல்பே அதுதான் போலும். மாணவன் மருத்துவர் ஆகலாம், மாவட்ட ஆட்சியர் ஆகலாம். அவனுக்கு அகரம் கற்பித்தவர் அதே பள்ளிக்கூடத்தில், அதே கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

கால்பந்து விளையாட்டில் இந்தியாவுக்கென்று ஒரு பொற்காலம் இருந்தது என்று சொன்னால் இன்று நம்மில் பலர் வியப்படைவர். கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறொன்றையும் அறியாமல் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் 1951ஆம் ஆண்டிலும் 1962ஆம் ஆண்டிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கால்பந்துத் தங்கப் பதக்கம் இந்தியாவுக்கே கிடைத்தது. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் உலகின் நான்காவது அணியாக இந்தியா நின்றது. இம்மூன்று சாதனைகளுக்கும் பின்னால் நின்றவர் ஒரே மனிதர். அவர் அரச குடும்பத்தவர் அல்லர், படைத்தளபதி அல்லர், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணரும் அல்லர். ஐதராபாத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வேலை பார்த்தவர். அவர் பெயர் சையத் அப்துல் ரகீம். ஆட்டக்காரர்கள் அவரை ரகீம் சாகிப் என்றே அழைத்தனர்.

அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் விளையாட்டுப் பயிற்சியாளருக்குப் பேராசிரியரைவிடப் புகழ் அதிகம் என்பர். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் நியூட் ராக்னி என்பவர் இருந்தார். இரசாயனப் பாடத்தில் உதவியாளராக வேலை பார்த்த அவர், 1918 முதல் 1930 வரை அப்பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அவர்கள் ஆடுவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு வகை ஆட்டம். 1931ஆம் ஆண்டு அவர் விமான விபத்தில் இறந்தபோது நாடே துயரில் ஆழ்ந்தது. இன்றும் அங்கே சிறு பிள்ளைகளும் அவர் பெயரை அறிவர். நம் ரகீமின் பெயர் நம் நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2024ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையைத் தழுவி இந்தியில் மைதான் என்ற திரைப்படம் வெளிவந்த பிறகே பலர் அவரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினர். அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் ஆன பின்னரே நமக்கு இந்த நினைவு வந்தது.

பள்ளி ஆசிரியர்

ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அந்நகரம் நிஜாம் ஆட்சியின் தலைநகரம். அங்கே உஸ்மானியா பல்கலைக்கழகம் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் அவர் மாணவரானார். ஆங்கிலத்தை விட்டு இந்திய மொழியொன்றைப் பயிற்று மொழியாகக் கொண்டு தொடங்கப்பட்ட முதல் பல்கலைக்கழகம் அது. அங்கே பாடங்கள் உருதுவில் நடந்தன. தாய்மொழியில் படித்துப் பட்டம் பெறுவது குறைவான படிப்பு என்று இன்றும் நம்மிடையே எண்ணுகிறவர்கள் உண்டு. அவர்கள் இச்செய்தியை நினைவில் கொள்ளலாம்.

கல்லூரி நாட்களில் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். படிப்பை முடித்த பின் ஐதராபாத்தின் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்பயிற்சிக் கல்வியிலும் பட்டயம் பெற்றார். பகலில் வகுப்பறை, மாலையில் திடல் என்று அவர் வாழ்க்கை இரண்டு கூறாக ஓடியது. உண்மையில் அவை இரண்டல்ல, ஒன்றே என்பதுதான் அவர் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. பாடத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பயிற்றுவித்து, இறுதியில் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவது நல்ல ஆசிரியரின் முறை. ரகீம் அதைத்தான் திடலிலும் செய்தார்.

1943ஆம் ஆண்டு அவர் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். இறக்கும் வரை அப்பொறுப்பை அவர் விடவில்லை. சங்கச் செயலாளர் பதவியை வைத்துக்கொண்டு சால்வை போர்த்திக்கொள்பவர்கள் பலர். ரகீம் அதை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்குப் போட்டிகள் நடத்தினார்.

இடக்கால் பாடம்

அந்தப் போட்டிகள்தாம் எத்தனை விதம்! வலக்காலால் உதைக்கும் பழக்கமுள்ளவன் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி. பந்தைக் காலோடு ஒட்டித் தனியே கொண்டு ஓடக்கூடாது, வந்த பந்தை உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. பக்கத்துக்கு ஐந்து பேர் மட்டுமே ஆடும் போட்டி மற்றொன்று. குள்ளமான சிறுவர்களுக்கென்றே உயர அளவு வைத்து ஒரு போட்டி.

முதலில் படித்தபோது இவை வேடிக்கையாகத் தோன்றின. ஆழ்ந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஒரு காலை மட்டும் நம்பி ஆடுகிறவன் பந்தைத் தனக்குப் பிடித்த காலுக்கு மாற்றிக்கொள்ள ஒரு விநாடி எடுத்துக்கொள்கிறான். அந்த ஒரு விநாடியில் எதிரி வந்து குறுக்கே நிற்பான். இரண்டு காலும் ஒன்றுபோல் பழகிவிட்டால் அந்த விநாடி மிச்சம். அது மட்டுமன்று. எதிரிக்கு அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று ஊகிக்கவும் முடியாது. பந்தை உடனே தள்ளிவிடும் பயிற்சிக்கும் இதே கணக்குத்தான். மனிதன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் உதைத்த பந்தின் வேகத்தை எட்ட முடியாது. ஆகவே ஓட வேண்டியது பந்துதான். ஆட்டக்காரன் ஓட வேண்டியது வெற்றிடத்தை நோக்கி. இயற்பியல் மாணவனான எனக்கு இதைவிட எளிதாக யாரும் திசைவேகத்தை விளக்கிவிட முடியாது.

அக்காலத்தில் கல்கத்தாவில் ஆடப்பட்டது தனிமனிதத் திறமையின் ஆட்டம். ஒருவன் நாலு பேரைத் தாண்டிப் பந்தை எடுத்துச் சென்றால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். ரகீம் அந்த அழகை வெறுக்கவில்லை. ஆனால் பதினொரு பேரும் சேர்ந்து ஒரே சிந்தனையுடன் நகர்வதே ஆட்டம் என்று அவர் நம்பினார். பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் என்ற பழைய அணிவகுப்பை அவர் மாற்றினார். பின்களத்தில் ஆளைக் கூட்டினார். நாலு, இரண்டு, நாலு என்று அணியை நிறுத்தும் முறையை நம் நாட்டில் அறிமுகப்படுத்தியவர் அவரே என்று கால்பந்து வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நகரக் காவல் அணி

1950ஆம் ஆண்டு முதல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கு ரகீம் பயிற்சியாளராக இருந்தார். பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பை அந்நாளில் நாட்டின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்று. 1950, 1951, 1952, 1953, 1954 என்று தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அக்கோப்பையை ஐதராபாத் காவலர்களே கொண்டுபோனார்கள். கல்கத்தாவின் பெரிய கழகங்களுக்கு இது பேரிடி. 1956ஆம் ஆண்டும் 1957ஆம் ஆண்டும் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை ஐதராபாத் வென்றது. வங்காளமே கால்பந்து, கால்பந்தே வங்காளம் என்றிருந்த நிலையைத் தெற்கிலிருந்து ஒரு நகரம் மாற்றிக் காட்டியது.

இந்த நகரத்தில் தமிழர்களுக்கும் பங்குண்டு. ஐதராபாத்துக்கு அருகிலுள்ள செகந்திராபாத்தில் ஆங்கிலேயரின் இராணுவக் குடியிருப்பு இருந்தது. அதை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்தன. அப்படியொரு ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராமன். நாட்டார் அவரைப் பலராம் என்றே அறிவர். பூட்ஸ் வாங்க வசதியின்றி, கழித்துப்போட்ட பழைய பூட்ஸைச் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துக் கால்பந்து பூட்ஸாக மாற்றிக்கொண்டு ஆடியவர் அவர். அந்தப் பையனின் ஆட்டத்தை ரகீம் ஒருநாள் பார்த்தார். ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். வந்துபோகக் காசில்லை என்று பையன் தயங்கியபோது, வாடகை சைக்கிளுக்கு ரகீம் தம் சட்டைப் பையிலிருந்து காசு கொடுத்தாராம். அந்தச் சைக்கிளில் வந்தவர் பிற்காலத்தில் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். இந்தியாவின் தலைசிறந்த முன்கள ஆட்டக்காரர்களுள் ஒருவர் என்று பெயரெடுத்து 2023ஆம் ஆண்டு மறைந்தார்.

சைக்கிள் வாடகை சிறு தொகைதான். ஆனால் அதன் எடை என்ன என்பது அது இல்லாதவனுக்கே தெரியும். என் வீட்டில் பட்டப் படிப்பு என்ற வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை லாங் பஜாரில் மூட்டை தூக்குகிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டு என்னைக் கல்லூரி விண்ணப்பம் வாங்க வைத்தவர் என் பள்ளி ஆசிரியர் ஒருவர். விண்ணப்பக் கட்டணத்தையும் அவரே கட்டினார். அவர் பெயரை இங்கு எழுதினால் கோபித்துக்கொள்வார். பலராமின் சைக்கிள் கதையைப் படித்தபோது, ரகீமைப் பெரிய பயிற்சியாளராக நான் நினைக்கவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு வாத்தியாராகவே நினைத்தேன்.

வெறுங்காலும் பூட்ஸும்

1951ஆம் ஆண்டு புதுடில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ரகீமின் பயிற்சியில், சைலன் மன்னாவின் தலைமையில் இந்திய அணி களமிறங்கியது. இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0 என்று வென்று இறுதியாட்டத்துக்கு வந்தது. மார்ச் 10ஆம் நாள் ஈரானுடன் மோதியது. மேவாலால் போட்ட ஒரே கோலால் தங்கம் கிடைத்தது. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகூட நிறையாத நாடு அது. அந்த வெற்றியின் இனிமையை இன்று நம்மால் ஊகிக்கத்தான் முடியும்.

அடுத்த ஆண்டே அந்த இனிமை கசந்தது. 1952ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக். முதல் ஆட்டம் யூகோஸ்லாவியாவுடன். வடதுருவத்தை ஒட்டிய குளிர் நாடு. நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலுடனே களத்தில் நின்றார்கள். முடிவு 10-1. இந்தியாவின் ஒரே கோலைப் பெங்களூர் அகமது கான் போட்டார். அந்த யூகோஸ்லாவியா பின்னர் வெள்ளிப் பதக்கம் வென்ற அணி என்பது உண்மையே. ஆனாலும் பத்துக் கோல் பத்துக் கோல்தான்.

நம் பகுதி மக்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிடும் ஊர்கள் நாம். இங்கே பதமான தோல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்ப் பல தலைமுறை ஆகிறது. இன்று ஆம்பூரில் தைக்கும் ஷூக்கள் வெளிநாட்டார் கால்களை அலங்கரிக்கின்றன. தோலை ஏற்றுமதி செய்த நாட்டின் பிள்ளைகள் உலகத்தின் முன்னால் வெறுங்காலுடன் ஆடினார்கள். லாங் பஜாரிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் கால்பந்து பூட்ஸ் விலையைக் கேட்டுவிட்டு, கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டு வந்தவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. ஆகவே அந்த 10-1 எனக்கு வெறும் எண்ணாகப் படவில்லை.

வெறுங்கால் ஆட்டத்துக்கு ஒரு பெருமை இருந்ததும் உண்மை. காய்ந்த தரையில், குறைந்த நேர ஆட்டத்தில் அது செல்லுபடியாகும். பந்தின் தொடுகை காலுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஈரமான புல்தரையில் வழுக்கும். பூட்ஸ் அணிந்த எதிரியுடன் மோத மனம் தயங்கும். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில் மட்டுமே தோற்றபோது பலரும் இதை மறந்துவிட்டார்கள். ஹெல்சிங்கி நினைவூட்டியது. அதன்பின் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதி செய்தது.

தோல்வியைக் கண்ட ரகீம் என்ன செய்தார் என்பதே இங்கு முக்கியம். குளிரைக் குறை சொல்லிக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஐரோப்பியர் ஆடும் முறையைக் கூர்ந்து கற்றார். 1953ஆம் ஆண்டு ஹங்கேரி அணி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்தியது. நடுமுன்னணி ஆட்டக்காரர் முன்னால் நிற்காமல் பின்னுக்கு இறங்கி நின்று, தம்மைக் காக்க வந்தவரையும் இழுத்துக்கொண்டு வந்து, திறந்த இடத்தில் தோழர்களை நுழையவிட்டதே அவ்வெற்றியின் இரகசியம். ரகீம் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார். அதை நடத்திக் காட்ட அவருக்கு மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

மெல்போர்ன்

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா முதலில் மோத வேண்டியது அதே ஹங்கேரியுடன். ஹங்கேரி போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. அடுத்து டிசம்பர் 1ஆம் நாள், போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவுடன் கால்இறுதி. உள்ளூர் மக்கள் தங்கள் அணியே வெல்லும் என்று நம்பியிருந்தார்கள். நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவரே. கிருஷ்ணா கிட்டு இன்னொன்று போட, 4-2 என்று இந்தியா வென்றது.

அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா! நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் போட்ட அதே நாடு. இடைவேளை வரை ஒரு கோலும் விழவில்லை. இடைவேளைக்குப் பின் முதல் கோலைப் போட்டது இந்தியா. மறுபடியும் டிசூசா. சில நிமிடங்கள் இந்தியா ஒலிம்பிக் இறுதியாட்டத்தின் வாசலில் நின்றது. பிறகு யூகோஸ்லாவியா விழித்துக்கொண்டு 4-1 என்று வென்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று இந்தியா நான்காம் இடத்தில் நின்றது. அன்று வரை ஆசிய நாடு எதுவும் ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டியதில்லை.

பத்துக்கு ஒன்று, பிறகு நாலுக்கு ஒன்று. இரண்டும் தோல்விதான். ஆனால் இவ்விரண்டு தோல்விகளுக்கும் நடுவே ஒரு ஆசிரியரின் உழைப்பு முழுவதும் இருக்கிறது. ஒன்பது கோல் வித்தியாசம் மூன்றாகக் குறைந்தது என்பதைத் தேர்வில் மதிப்பெண் ஏறிய மாணவன் எளிதில் புரிந்துகொள்வான்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மிகக் கடினமான பிரிவில் இந்தியா மாட்டிக்கொண்டது. ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்றது. அந்த ஒரு கோல் பலராமுடையது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. அணித்தலைவர் பி. கே. பானர்ஜி போட்ட கோலால் முன்னணியில் இருந்தும், ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றி நழுவியது. பெருவிடம் 3-1 என்று தோற்று வெளியேறியது. அந்த அணியில் தமிழகத்தின் சைமன் சுந்தரராஜ் இருந்தார். கேரளம் 1973ஆம் ஆண்டு முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் அவரே. வலையைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். நெடிய உருவம் படைத்த இவர் ஐதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடிப் புகழ் பெற்றவர். அதே அணிவரிசையில் ரகீமின் மகன் ஹக்கீமும் ஓர் ஆட்டக்காரர்.

ஜகார்த்தா

1962ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. இந்த முறை களத்துக்கு வெளியேயும் புயல் வீசியது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசிய அரசு நுழைவு அனுமதி கொடுக்கவில்லை. ஆசிய விளையாட்டுகளைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான இந்தியர் ஜி. டி. சோந்தி அதைக் கண்டித்தார். இரண்டு நாடுகளைத் தடுத்துவிட்டு இதை ஆசியப் போட்டி என்று அழைக்கலாகாது என்பது அவர் வாதம். உள்ளூர் மக்களின் கோபம் இந்தியர் மேல் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய ஆட்டக்காரர்கள் சென்ற இடமெல்லாம் கேலிக் கூச்சல். தலைப்பாகை அடையாளம் காட்டிவிடும் என்று சீக்கிய ஆட்டக்காரர்கள் பேருந்தின் தரையில் உட்கார்ந்து சென்றார்களாம்.

ரகீமுக்கு உள்ளேயும் ஒரு புயல் இருந்தது. புற்றுநோய் அவர் உடலைத் தின்றுகொண்டிருந்தது. அந்த உடலோடுதான் அவர் அணியை ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றார்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்றார்கள். ஆனால் அதற்குள் அணி காயங்களால் நொந்துபோயிற்று. தற்காப்பின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். கோல் கீப்பர் தங்கராஜ் காய்ச்சலில் கிடந்தார்.

இங்கேதான் ரகீமின் அறிவு வெளிப்பட்டது. தலையில் தையலுடன் இருக்கும் தற்காப்பு ஆட்டக்காரரை என்ன செய்வது? வேறொருவராக இருந்தால் ஓய்வு கொடுத்திருப்பார். ரகீம் அவரை எடுத்து முன்னணியில், கோல் போடும் இடத்தில் நிறுத்தினார்! இளம் வயதில் ஜர்னைல் சிங் முன்னணியில் ஆடிப் பழகியவர் என்பதை அவர் மறக்கவில்லை. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றபோது அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. மற்ற இரண்டும் அணித்தலைவர் சுனி கோஸ்வாமியுடையவை.

இறுதியாட்டம் செப்டம்பர் 4ஆம் நாள். எதிரில் மீண்டும் தென்கொரியா. 1956, 1960 என்று இரண்டு முறை ஆசியக் கோப்பையை வென்றிருந்த அணி. அதற்கு முந்தைய இரவு ரகீம் தம் பிள்ளைகளை அழைத்து, தமக்கென்று இதுவரை எதுவும் கேட்காத தாம் இப்போது ஒரே ஒரு பரிசு கேட்பதாகவும், அது அந்தத் தங்கம்தான் என்றும் சொன்னாராம். அவர் உடல்நிலையை அறிந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

செனயான் மைதானத்தில் சுமார் ஒரு இலட்சம் பேர். ஏறத்தாழ அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கூவினார்கள். அந்தக் கடலில் இந்தியாவுக்காகக் கைதட்டிய ஒரு சிறு தீவு இருந்தது. அது பாகிஸ்தான் ஹாக்கி அணி. நாடுகளுக்கிடையே எத்தனை பகை இருந்தாலும், அயலூரில் தனித்து நிற்பவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனே துணை என்பதை அன்று அவர்கள் காட்டினார்கள்.

காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார் ரகீம். 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல் போட்டார். பின்பு நீண்ட காத்தல். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கொரியா ஒரு கோல் திருப்பியது. அதற்குமேல் அவர்களால் முடியவில்லை. 2-1. கேலி செய்த மைதானத்தில் இந்தியாவின் தேசிய கீதம் ஒலித்தது.

அந்த அணியை எண்ணிப் பாருங்கள். வங்காளி, பஞ்சாபி, தமிழர், மலையாளி, கோவாக்காரர், நேபாளி, ஐதராபாத் முஸ்லிம் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒருவர் தாய்மொழி மற்றவருக்குத் தெரியாது. ரகீம் பேசியது உருது கலந்த இந்துஸ்தானி. உருதுவும் தமிழும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. பந்து வருமிடம் தெரிந்தால் மொழி தெரியாததால் ஒன்றும் கெட்டுவிடாது.

மறைவுக்குப் பின்

ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய ரகீம் படுக்கையில் விழுந்தார். 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் மறைந்தார். அவருக்கு வயது 53. தங்கம் கிடைத்து ஓராண்டுகூட நிறையவில்லை.

அவர் சிதறிய விதைகள் சில காலம் பலன் கொடுத்தன. 1964ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1970ஆம் ஆண்டு பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது. அப்போது பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் அவருடைய மாணவர் பி. கே. பானர்ஜி. அதன்பின் விளைச்சல் குன்றியது. 1960ஆம் ஆண்டு ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவே இல்லை. 1962க்குப் பிறகு ஆசியத் தங்கமும் இல்லை. ஐதராபாத் நகரக் காவல் அணியின் புகழும் மங்கியது.

ஏன் இப்படி ஆயிற்று? ரகீம் போன்ற மேதை மீண்டும் பிறக்கவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படி எண்ணவில்லை. மேதைமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அவர் செய்த சாதாரணக் காரியங்கள்தாம். சிறுவர்களுக்குப் போட்டி நடத்துதல், வராதவனைத் தேடிப் பிடித்தல், காசில்லாதவனுக்குச் சைக்கிள் வாடகை கொடுத்தல், ஆகாத காலைப் பழக்குதல், தோற்றவுடன் வென்றவனிடம் பாடம் கேட்டல். இவை ஒவ்வொன்றும் யாராலும் செய்யக்கூடியவை. இருபது ஆண்டுகள் இடைவிடாமல் செய்தவர் அவர். அவருக்குப் பின் கோப்பைகளை எண்ணினார்கள். இந்தக் காரியங்களை விட்டுவிட்டார்கள். விதை விதைக்காமல் அறுவடையை மட்டும் எதிர்பார்க்கும் உழவனை ஊர் சிரிக்காதா?

சிறந்த பயிற்சியாளருக்கு அரசு வழங்கும் துரோணாச்சாரியார் விருது 1985ஆம் ஆண்டுதான் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ரகீம் மறைந்துவிட்டார். விருது பெறாததால் அவருக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் அவரை மறந்ததால் நமக்குக் குறைவுண்டு. படிக்க வழியில்லாத வீட்டிலிருந்து வந்து இக்கல்லூரியில் அமர்ந்திருக்கும் நம்மில் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒரு ரகீம் இருக்கிறார். பட்டம் வாங்கும் மேடையில் அவருக்கும் இடமில்லை.

நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே, கட்டுரையை முடிக்கும் முன் ஒரு சிறு வேண்டுகோள். நம் கல்லூரி விளையாட்டு விழாவில் ஆண்டுதோறும் நடக்கும் பந்தயங்களோடு, இடக்காலால் மட்டுமே உதைக்கும் கால்பந்துப் போட்டி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். செலவு ஏதுமில்லை. ஒரு பந்தும், இரண்டு பக்கம் நட்டுவைக்க நான்கு கம்புகளும் போதும். முதல் ஆண்டு எல்லோரும் தடுமாறி விழுவோம், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். மூன்றாம் ஆண்டு யாரும் சிரிக்கமாட்டார்கள்.